முகமில்லாத கட்டம்

நாங்கள் இருப்பது ஒற்றை அறை. இரவெல்லாம் மூட்டை சுமந்து நான் திரும்பும்போது மகளுக்குப் போனில் கல்லூரி வகுப்பு ஆரம்பிக்கும். என் அழுக்குச் சட்டை மற்ற பிள்ளைகள் கண்ணில் பட்டால் அவளுக்குத்தானே தலைகுனிவு? வகுப்பு முடியும்வரை தெருவில் உட்கார்ந்திருப்பேன்.

“பொண்ணு துரத்திட்டாளா?” என்று எதிர்க்கடைத் தையல்காரர் சீண்டுவார். அவளும் உள்ளே கூப்பிட்டதில்லை.

இன்று மழை. கதவோரம் ஒதுங்கி எட்டிப் பார்த்தேன். போனில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு கட்டத்தில் மட்டும் முகமில்லை, ஒற்றை எழுத்து. வயசான பிறகு நான் படிக்கக் கற்ற முதல் எழுத்து அது, அவள் பேரின் தொடக்க எழுத்து.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். “உன் முகத்தைக் காணோமே?”

“கேமரா போட்டா நெட்டு பாதியிலயே தீந்துடும்பா. நான் போட்டதே இல்ல.”

“அப்ப நான் உள்ளயே இருந்திருக்கலாமா?”

“பாடச் சத்தத்துல தூக்கம் வராமத்தான் வெளிய போறீங்கன்னு நினைச்சேன். எனக்குத்தான் உள்ள தனியா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கும்பா.”