சிவப்பு ரிப்பன்

தொழிற்சாலைச் சமையலறை மூலையில், தண்ணீர் சுத்திகரிக்கும் புது இயந்திரம் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு முறைப்பாக நிற்கிறது. முதலாளி வந்து திறந்துவைக்கும்வரை அதை யாரும் தொடக் கூடாதாம். ஆறு வாரமாக அவர் தேதி கொடுக்கவில்லை. சாக்கடையை ஒட்டி விரிசல் விட்டுக் கிடக்கும் தொட்டிக்கு அந்தக் கௌரவமெல்லாம் கிடையாது, அதன் தண்ணீர் கூப்பிட்ட குரலுக்கு வருகிறது. சமையல்காரம்மா நேற்று வெள்ளரிக்காயைக் கழுவியது அதில்தான். அடுப்பில் ஏறியதெல்லாம் கொதித்தது, வெள்ளரிக்காய் கொதிக்கவில்லை. இன்று நாற்பது பேர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில். தையல் பிரிவில் வேலை பார்க்கும் அவள் மகளும் கண் திறக்காமல் அங்கேதான் கிடக்கிறாள். "இன்னிக்கும் வெள்ளரிக்காய் வச்சிடுங்கக்கா. நிறுத்தினா, அதுலதான் கோளாறுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்," என்கிறார் மேனேஜர், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தபடி. "அப்ப அந்த மெஷின்ல தண்ணி பிடிச்சுக்கறேன் சார்." "முதலாளி கை வைக்கறதுக்கு முன்னாடியா? என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க." அவள் காய் நறுக்கும் கத்தியாலேயே ரிப்பனை அறுக்கிறாள், பாத்திரத்தை நீட்டிக் குழாயைத் திருகுகிறாள். ஒரு சொட்டும் வரவில்லை. குனிந்து பின்னால் பார்க்கிறாள். தண்ணீர் வர வேண்டிய ரப்பர் குழாய், எதிலும் மாட்டப்படாமல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுருண்டு கிடக்கிறது.