தாழம்பூ வாசனை

காய்ச்சல் விட்டதிலிருந்து கிளமென்டுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. தேயிலையை ருசி பார்த்துச் சொல்வதுதான் வேலை என்பதால் அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. மூங்கில் தட்டுகளில் வாடும் ஊலாங் வகைத் தேயிலையில் பச்சை வாசனை போய்ப் பூ வாசனை எழும்பியதும் அதைச் சூட்டில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் சிவந்து கெட்டுவிடும். அந்த நேரத்தை இப்போதெல்லாம் இலை கிளறும் லோகேஸ்வரியின் முகத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

அன்றும் ஒரு பிடி இலையை வாணலியில் வாட்டி, மூடி போட்ட கோப்பையில் இட்டு வெந்நீர் ஊற்றினார். மூடியைத் திறந்து ஆழமாக முகர்வதுபோல் பாவனை செய்தார். சர்ரென்று உறிஞ்சித் துப்பினார். வெறும் வெந்நீராகத்தான் இருந்தது. ஓரக்கண்ணால் லோகேஸ்வரியைப் பார்த்தார். அவள் மூக்கு விடைத்திருந்தது.

“சார், உங்களுக்கும் தாழம்பூ வாசன வருதா?”

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. “வராம? ரூமே மணக்குதே. வா, அள்ளிரலாம்” என்றபடி, தட்டில் குவிந்திருந்த இலைக்கு அடியில் மணிக்கட்டு மறைய இரண்டு கைகளையும் நுழைத்தார்.

அவள் வரவில்லை. கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“அது டீ வாசன இல்ல சார்” என்றாள், குரலே எழும்பாமல். “பாம்பு இருக்குற எடத்துலதான் இப்படி மணக்கும். கைய அசைக்காதீங்க.”

வாடும் இலை எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும் என்று கிளமென்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரல்களுக்குக் கீழே அந்தக் குளிர்ச்சி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.