அரை நிமிடத் தயக்கம்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஜோடியோடு பேசக்கூடாது. ஏல அட்டைகள் மட்டும்தான் பேசும். ஜோடி தயங்கிவிட்டு ‘பாஸ்’ வைத்தால், கையில் நல்ல சீட்டு இருக்கிறதென்று ஊகிக்கலாம். ஆனால் அந்த ஊகத்தை நம்பி ஏலத்தை ஏற்றுவது திருட்டு.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கோப்பைக்கான கடைசி ஆட்டம். நான் ஆட்டின் கேட்டேன். எதிராளி ஹேமிஷ் ஸ்பேட் கேட்டார். என் ஜோடி கிளெனிஸ் அரை நிமிடம் தயங்கிவிட்டு பாஸ் வைத்தாள். என் முறை வந்ததும் நான்கு ஆட்டினுக்கு ஏற்றினேன்.

“அவங்க யோசிச்சதப் பார்த்துதானே ஏத்துனீங்க, ரோமா? நடுவரைக் கூப்பிடுறேன், இருங்க.”

“நான் என் சீட்டைத்தான் பார்த்தேன் ஹேமிஷ்.”

ஏலம் எங்களுடையதானதால், விதிப்படி கிளெனிஸ் தன் சீட்டுகளை மேசையில் விரித்தாள். ஒரு படச்சீட்டுகூட இல்லை.

“இதுக்கா இவ்வளவு யோசனை?” என்றார் ஹேமிஷ்.

கிளெனிஸ் தலைகுனிந்தாள். “ஆறு மாசமா கண்ணு மங்கிப்போச்சு. ஆட்டின் எது, டைமண்ட் எதுன்னு தெரியல. சொன்னா இவ வேற ஜோடி தேடிக்குவான்னு மறைச்சேன். இவளத் திருடின்னு சொல்லாதீங்க.”

“மன்னிச்சிருங்க ரோமா. நடுவர் வேணாம்,” என்றார் ஹேமிஷ்.

சரியென்று தலையாட்டினேன்.

அவள் தயங்காமல் பாஸ் வைத்திருந்தால், நானும் பாஸ்தான் வைத்திருப்பேன்.