பட்டியலில் ஒரு வாலாட்டிக் குருவி

அய்யாதுரை சிவப்புப் பென்சிலால் வாலாட்டிக் குருவியின் பெயரை அடித்ததும் உமர் ஃபாரூக்குக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அது. பள்ளிக்கூடங்களுக்காக ‘நம் நாட்டுப் பறவைகள்’ என்றொரு பட்டியல் அச்சிட, அடையாறு பறவை அன்பர் சங்கம் தீர்மானித்திருந்தது. மயிலாப்பூரில் டிராயிங் மாஸ்டரான உமர் பதினெட்டு வருஷமாக அடையாற்று முகத்துவாரத்தில் கால் கடுக்க நின்று பார்த்து எழுதிய பெயர்கள்தான் அத்தனையும்.

அய்யாதுரை ரிட்டயரான ஃபாரஸ்ட் ரேஞ்சர். பிடிவாதக்காரர். இங்கே கூடு கட்டாத எதுவும் நம் பறவை இல்லை என்றார். வாலாட்டி குஞ்சு பொரிப்பது இமயமலைக்கு அந்தப் பக்கம். இங்கே வருவது குளிருக்கு ஒதுங்க.

“விருந்தாளியை வீட்டுக்காரன்னு எழுத முடியுமா?”

உமர் தன் நோட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்திலிருந்து ராயப்பேட்டையில் இருக்கும் குடும்பம் அவருடையது. ஆனாலும் எது உள்ளூர், எது வெளியூர் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், தேசம் பிரிந்த இந்த ஒரு வருஷமாக அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

சங்கத் தலைவர் சுந்தரராமன்தான் பென்சிலை வாங்கிக் கீழே வைத்தார்.

“எல்லைக்கோடெல்லாம் நாம போட்டது, அய்யாதுரை. குருவிக்கு அது தெரியுமோ? வருஷத்துல நாலு மாசம் நம்ம மண்ணுல புழு பொறுக்கித் தின்னாப் போதும். அதுவும் நம்மதுதான்.”

கூட்டத்தில் மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள். வாலாட்டி ஜெயித்தது. அதன் பின்னாலேயே, அதைப் போலக் குளிருக்கு வரும் உள்ளானும் தகைவிலானும் பட்டியலுக்குள் வந்தன. அய்யாதுரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

உமருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷர் இருக்கிற ஊரில், தான் பயந்து பயந்து நடந்ததே தப்பு என்று தோன்றியது.

சுந்தரராமன் அவர் தோளில் கை போட்டபடி வாசல் வரை வந்தார். நோட்டுப் புத்தகங்களைச் சங்கத்திலேயே விட்டுவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அடுத்த சீசனுக்குத் தனக்கு அவை வேண்டியிருக்குமே என்றார் உமர்.

“அதுக்கு வேற ஆள் பார்த்து வெச்சுட்டோம் பாய். நீங்க எப்போ கிளம்பறேள்?”

“எங்கே சார்?”

சுந்தரராமன் குரலில் துளி வெறுப்பில்லை. நிஜமான அக்கறைதான் இருந்தது.

“உங்க தேசத்துக்குத்தான்.”