நாலு தீவு, பதினாலு நாள்

“ஆள் நிறைஞ்சாத்தான் வேன் கிளம்புமா? அது என்ன அராஜகம்? புறப்படற நேரம்னு ஒண்ணு கிடையாதா?”

டைம்கீப்பர் கையிலிருந்த பென்சிலைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டார். பஸ் டிப்போவில் முப்பத்து நாலு வருடம் வண்டிகளை நிமிடம் பிசகாமல் கிளப்பிவிட்டவர். ரிட்டையராகி நாலு மாதமாகிறது. விரட்டுவதற்கு டிரைவர்கள் கிடைக்காததால் இப்போது மனைவியை விரட்டிக்கொண்டிருந்தார். ஏழு பத்துக்குக் குக்கர், ஏழரைக்குத் துணி ஊறவைப்பது என்று சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு நிமிடம் பிந்தினால் பின்னாலேயே வந்து நின்று காரணம் கேட்பார்.

“தீவுல அப்படித்தாங்க,” என்றாள் மனைவி. “படகுத்துறையில வேன் நிக்கும். பத்து பேர் ஏறினதும் எடுப்பாங்க. நேரா ஸ்நார்கெலிங் பண்ற இடத்துல, அதான் தண்ணிக்குள்ள மூஞ்சியை வெச்சு மீன் பாக்கற இடத்துல, கொண்டுபோய் விட்டுடும். டிராவல்ஸ்ல தெளிவா சொல்லியிருக்காங்க.”

“ஒன்பது பேர்தான் வந்தா?”

“பத்தாவது ஆள் வர்ற வரைக்கும் கடலைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.”

“விளங்கிடும்!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பயணத்துக்குப் பிளான் போட உட்கார்ந்தது. ஐந்து மணிக்குள் சரியென்று சொல்லாவிட்டால் டிராவல்ஸ்காரர்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மணி மூன்றரை. இன்னும் முதல் தீவை விட்டே நகர்ந்தபாடில்லை.

“இங்க பாருங்க. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல உங்ககிட்ட நான் கேட்டது ஒரே ஒரு லீவு. கேட்டப்பல்லாம் டிப்போல ஆள் இல்லன்னு சொல்லியே ஓட்டிட்டீங்க. இந்தத் தடவையும் தட்டிக் கழிச்சா எனக்கு நிஜமாவே பைத்தியம் பிடிச்சிடும்.”

அவருக்குச் சுருக்கென்றது. பென்சிலை மறுபடி கையிலெடுத்தார்.

“யாரு இப்ப மாட்டேன்னா? பிளானை ஒழுங்காப் போடணும்ங்கறேன். ரெண்டாவது தீவுக்குக் கடைசிப் படகு மூணு நாப்பதுக்கு. இந்த வேனை நம்பிப் போனா படகு டாட்டா காட்டிட்டுப் போயிடும். தீவுக்கு ஒரு நாள் கூடுதலா வேணும்.”

“போட்டுக்கோங்க.”

“ஒன்பது நாள் பதிமூணு ஆயிடும்.”

“தாராளமா ஆகட்டும்.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. டைம்கீப்பருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். மூன்றாவது தீவில் வாடகைச் சைக்கிள், நாலாவதில் படகுத்துறையிலிருந்து நடை என்று பொடிப்பொடியாக எழுதினார். காற்றடித்தால் படகை நிறுத்திவிடுவார்களே என்ற யோசனை வந்ததும் இன்னொரு நாள் சேர்த்துப் பதினாலாக்கினார். அதற்கும் அவள், “ரொம்ப நல்ல யோசனை,” என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே போய் ஒரு கண்ணாடி முகமூடியும் வளைந்த குழாயும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இதைப் போட்டுக்கிட்டு வாயால மூச்சு விட்டுப் பழகுங்க.”

“இப்பவா? சோத்து மேஜைலயா?”

“மீசை இருக்கறவங்களுக்கு உள்ள தண்ணி இறங்குமாம். மீசைமேல வாசலின் தடவிக்கிட்டுப் போடணும்.”

“அதை அங்க வந்து நீ தடவி விடக்கூடாதா?”

“உங்களுக்கு எல்லாத்துக்கும் நானேவா?”

வாசலின் மீசையும் முகமூடியுமாக அவர் குழாயைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தார். வாயைத் திறக்க வழியில்லை. நாலு மாதத்தில் முதல்தடவையாக அந்த வீட்டில் சத்தமே இல்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

முகமூடியைக் கழற்றியதும் பரீட்சை ஆரம்பமாயிற்று.

“முதல் தீவுல இறங்கினதும்?”

“வலது பக்கம் வேன்.”

“ரெண்டாவது தீவுக்குக் கடைசிப் படகு?”

“மூணு நாப்பது. நான்தானே உனக்கே சொன்னேன்! எல்லாத்தையும் நீ விரல்நுனியில வெச்சிருக்கே. அப்புறம் எதுக்கு என் உயிரை வாங்கறே?”

“நடுவுல கேட்டுக்கிட்டு நிக்கக்கூடாது பாருங்க. மூணாவது தீவுல?”

அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் சொன்னார். நாலாவது தீவையும் தப்பில்லாமல் ஒப்பித்தார். மணி ஐந்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது, “சரி, போட்டுத் தொலை,” என்றார்.

அவள் ஒரே அழுத்தாகச் செய்தியை அனுப்பிவிட்டு நீளமாக மூச்சுவிட்டாள். ஐந்து அடிப்பதற்குள் அவள் போனில் டிக்கெட் வந்து விழுந்தது. கிளம்பும் நேரத்தைத் தானே பார்த்தாலொழிய அவருக்கு நம்பிக்கை வராது. போனைப் பிடுங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் கொதித்துப்போனார்.

“பாத்தியா! இதுக்குத்தான் நான் தலையிடணும்ங்கறது. பயணிகள் ஒருத்தர்னு போட்டு என் பேரை மட்டும் எழுதி வெச்சிருக்கான். உன்னை விட்டுட்டான்! ஒரு வேலையாவது உருப்படியாத் தெரியுதா இவனுங்களுக்கு? நம்பரைச் சொல்லு, போன்லயே கிழிச்சுத் தொங்கவிடறேன்.”

“பாவம், அவங்களைத் திட்டாதீங்க. நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்காங்க,” என்று அவள் போனை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “லீவு கேட்டது நான்தானே? நீங்க வாசப்படி தாண்டின நிமிஷத்துலேர்ந்து எனக்கு லீவு.”