குவில் தெரிந்த மாப்பிள்ளை

"குவில்னா என்னா? எங்கேருந்து வந்த வார்த்தை?"

பெண் பார்க்க வந்த சிரம்பான் தபால் குமாஸ்தாவைப் பார்த்துப் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி இராஜமாணிக்கம் கேட்டார். குமாஸ்தா கையில் எடுத்த முறுக்கைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருநாள் பேச்சுவாக்கில் விளக்கிய ஆங்கிலச் சொல் அது. அன்றிலிருந்து கிராணிக்குத் தலைகால் புரியவில்லை. தான் கேட்கும் சொல்லுக்குப் பதில் சொல்பவனுக்கே பெண் என்று தோட்டத்துக் கோயிலில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அது என்ன சொல் என்பதை மட்டும் வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. ஒத்திகை பார்ப்பதெல்லாம் கூடத்துக்குள்தான், உரத்த குரலில். ஏற்கெனவே பெண் பார்க்க வந்து தோற்றுப்போன பாரோய் ஊர் வாத்தியாரும் வெட்கத்தில் வெளியே மூச்சுவிடவில்லை.

கதவுக்குப் பின்னால் அவர் மகள் நீலாவதி காதைக் கதவில் ஒட்டவைத்துக்கொண்டாள். இந்தக் குமாஸ்தா தப்பித்தவறிப் பதில் சொல்லிவிட்டால் சித்திரையில் அவள் சிரம்பானில் சோறு வடிக்க வேண்டியதுதான்.

குமாஸ்தா 'பேனா மாதிரி ஏதோ' என்று இழுத்துவிட்டு நின்றுபோனார்.

அப்போது வாசற்படியில் யாரோ கனைத்தார்கள். குமாஸ்தாவைத் தோட்டத்து லாரியில் ஏற்றிவந்த டிரைவர் நல்லசாமி.

பறவை இறகின் நடுத்தண்டுதான் குவில் என்றான். உள்ளே வெறுங்குழலாக இருக்குமாம். முதலில் நாணல் தண்டுக்கு இருந்த பெயர் பிறகு இறகுத் தண்டுக்கு வந்ததாம். அதைச் சீவி மையில் தோய்த்து எழுதினார்களாம். சொல் டச்சுக்காரர்களிடமிருந்து வந்திருக்கலாம், யாருக்கும் நிச்சயமில்லை என்று முடித்து ஆள்காட்டி விரலைத் தூக்கினான். கிராணியும் பேச்சை முடிக்கும்போது அப்படித்தான் தூக்குவார்.

குமாஸ்தா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆனால் திரும்பிப் போவதற்கும் அதே லாரிதான்.

லாரி ஓட்டுகிறவனுக்கா பெண் என்று கிராணி ஒரு நொடி வாசலில் நின்ற லாரியை முறைத்தார். ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறது. அதைவிட, குவில் தெரிந்த இன்னொரு ஆத்மா இந்த மலாய் நாட்டில் இருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓர் அட்சரம் பிசகல நல்லசாமி! உள்ள இருக்கிறதுக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுலா. கல்யாணத்துக்கு அப்புறம் நீதான் பொறுமையா சொல்லிக் குடுக்கணும்."

நல்லசாமி பணிவாகத் தலையாட்டினான்.

கதவுக்குப் பின்னால் நீலாவதி தலையில் அடித்துக்கொண்டாள். டச்சுக்காரன் இல்லை, ஜெர்மன்காரன், ஜெர்மன்காரன் என்று குழாயடியில் வைத்து அவனுக்கு எவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியிருப்பாள்!