அஞ்சாவது தலை

“இன்னா சார், பாஸ்ல நாலு பேரு, வண்டில அஞ்சு தலை கீது?”

கான்ஸ்டபிள் ஜன்னல் வழியாக மறுபடியும் எண்ணினார். எத்தனை தடவை எண்ணினாலும் அஞ்சு அஞ்சுதானே.

ரவிச்சந்திரனுக்கு ஸ்டீயரிங்கைப் பிடுங்கி வெளியே வீசலாம் போல இருந்தது. திருமுல்லைவாயிலில் கிளம்பி இன்னும் செம்பரம்பாக்கம்கூடத் தாண்டவில்லை. ஏலகிரி எங்கே கிடக்கிறது!

ரெண்டே ரெண்டு நாள். நண்பன் வீடு அங்கே சும்மா பூட்டிக் கிடக்கிறது. சமைத்துப் போட ஆள் இருக்கிறது. போய் மலைக்காற்றில் உட்கார்ந்துவிட்டு வரலாம். இந்த அற்பக் காரியத்துக்கு ஊரடங்கில் ஒரு இ-பாஸ் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் யோக்கியமாக ‘சுற்றுலா’ என்று போட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் நிராகரித்துவிட்டார்கள். அடுத்து ‘திருமணம்’ என்று போட்டார். பத்திரிகை எங்கே என்று கேட்டார்கள். மிச்சம் இருந்தது சாவுதான்.

“நான் இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன், யாருடா செத்தா?” என்று அவருடைய அப்பா சிவராமன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார்.

கடைசியில், ஆதார் இருந்தால் யாருக்கும் பாஸ் என்று அரசாங்கமே இறங்கி வந்தது. “கொடுங்க, நான் போடறேன்” என்று மனைவி சாவித்திரி போனை வாங்கிக்கொண்டாள். உடனே கிடைத்தது. அதுதான் இந்த லட்சணம்.

“ஏன் சாவித்திரி, ஒரு பாஸ் உருப்படியா எடுக்கத் தெரியாதா உனக்கு?”

“ஓட்டுறவரோட சேர்த்து நாலு பேர்தானாம். கவனிக்கலைங்க” என்றாள் அவள் பின்சீட்டிலிருந்து.

ரவிச்சந்திரன் ஸ்டீயரிங்கில் ஒரு குத்து விட்டார். இந்த டூரே அவளுக்காகத்தான்.

மார்ச்சிலிருந்து வீட்டைவிட்டு யாரும் நகரவில்லை. ஹாலில் அவருக்கு ஆபீஸ். படுக்கையறையில் மகனுக்குக் காலேஜ். பால்கனியில் மகள் ரோஷினிக்கு ஸ்கூல். அப்பாவுக்கு டிவியில் நாள் முழுக்க கொரோனா. சாவித்திரிக்கு அடுப்படி.

போன வாரம் ஒருநாள் எல்லா மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் டீ கேட்டார்கள். சாவித்திரி பால் பாத்திரத்தை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்லை என்றாள்.

பயந்துபோய்த்தான் அவர் நண்பனுக்குப் போன் போட்டார். எப்படியாவது அவளை அந்த வீட்டிலிருந்து ரெண்டு நாள் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். இல்லாவிட்டால் இவள் என்ன ஆவாளோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

இப்போது ஒருத்தரை இறக்கு என்கிறார்கள்.

“ஒரே குடும்பம் சார். ஒரே வீட்ல ஒரே காத்தைத்தான் இழுத்து விடறோம். கார்ல ஏறினா மட்டும் புதுசா ஒட்டிக்குமா?”

“அதெல்லாம் ரூல் போட்டவங்களாண்ட கேளு சார். ஒருத்தரை எறக்கிவுடு, இல்லாங்காட்டி வண்டிய திருப்பிகினு போய்கினே இரு. பின்னால லாரி நிக்குது பாரு.”

“நான் இறங்கிக்கறேன்” என்று சாவித்திரி கதவைத் திறந்தேவிட்டாள்.

“நீ இரும்மா, நான் போறேன்” என்றாள் ரோஷினி.

“உட்காருடி!”

அம்மாவின் அந்த அதட்டலில் ரோஷினி உட்கார்ந்துவிட்டாள்.

“நீ இல்லாம என்ன பெரிய டூர்? ஒரு மண்ணும் வேணாம். எல்லாருமே திரும்பிடலாம்.” ரவிச்சந்திரன் ரிவர்ஸ் கியர் போட்டார்.

“ஐயோ, வேணாங்க!”

அவள் போட்ட சத்தத்தில் லாரிக்காரனே எட்டிப் பார்த்தான்.

“பசங்க ஆசையா கிளம்பியிருக்குதுங்க. மாமா வேற இந்த வேகாத வெயில்லயே ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நீங்க போயிட்டு வாங்க. அதோ ஆட்டோ நிக்குது, நான் வீட்டுக்குப் போயிக்கறேன்.”

“தாய்னா இதான் சார்” என்று கான்ஸ்டபிள் உருகினார். ரவிச்சந்திரனுக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போல வந்தது.

வேறு வழி? அவளுடைய துணிமணியையாவது எடுத்துக் கொடுப்போம் என்று இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். விடியற்காலையில் எல்லாவற்றையும் கட்டி அடுக்கியவள் சாவித்திரிதான்.

அப்பாவின் பை, மேலேயே மாத்திரை டப்பாவோடு. மகனுடையது. ரோஷினியுடையது. அவருடையது.

பைகளை நகர்த்திப் பார்த்தார். ஸ்டெப்னி பக்கம் கையை விட்டுத் துழாவினார். வேறு பை இல்லை.

“உன் பை எங்கே?”

சாவித்திரி இறங்கி டிக்கி பக்கம் வந்திருந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் அவரைப் பார்க்காமல் ஆட்டோவைப் பார்த்தது.

திட்டத்தான் வாயெடுத்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ரவிச்சந்திரன் டிக்கியை மெதுவாகச் சாத்தினார்.

“ரெண்டு நாள் போதுமா உனக்கு?” என்றார், வண்டிக்குள் கேட்காதபடி.

சாவித்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“முடிஞ்சா இன்னும் ஒரு நாள் இருந்துட்டு வாங்களேன்” என்றாள்.